மூளையை வரைந்தவர்

நுழையும்முன்

யாழில் கட்டிய தந்தியையும், இலையில் ஓடும் வரியையும், உடலுக்குள் செய்தி கொண்டு செல்லும் இழையையும் தமிழ் நரம்பு என்னும் ஒரே சொல்லால் அழைக்கிறது. அந்த இழை மூளைக்குள் சென்றபின் என்னவாகிறது? பிற இழைகளோடு ஒட்டி ஒரே வலையாகிவிடுகிறதா, தனித்தே நிற்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரும் வழக்காக நின்ற இவ்வினாவுக்கு விடை கண்டவர், ஓவியராக விரும்பி, மருத்துவராக்கப்பட்ட ஸ்பானியர் ஒருவர். அவரது வாழ்க்கையே இப்பாடம்.

தந்தையும் மகனும்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பிரனீஸ் மலைத்தொடருக்குத் தெற்கே அமைந்த பெட்டில்லா என்னும் மலைச்சிற்றூரில், 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் சாண்டியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். ஸ்பானியர் தம் பெயருடன் தந்தைவழிப் பெயர், தாய்வழிப் பெயர் இரண்டையும் சேர்த்துக்கொள்வர். ரமோன் தந்தைவழியாக வந்தது. கஹால் தாய்வழியாக வந்தது. உலகம் இவரைத் தாய்வழிப் பெயராலேயே பெரிதும் அறிகிறது.

தந்தை ஹூஸ்தோ ரமோன் உழவர் குடியில் பிறந்தவர். முடிதிருத்துவதோடு சிறு அறுவை மருத்துவமும் செய்த ஒருவரிடம் இளமையில் பணிபுரிந்து, பின்னர்ப் பார்சிலோனாவுக்குக் கால்நடையாகவே சென்று கல்வி கற்று மருத்துவரானவர். வறுமையை உழைப்பால் வென்றவர்களுக்கு உரிய உறுதியும் கடுமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. தாம் ஏறிய ஏணியில்தான் மகனும் ஏறவேண்டும் என்று அவர் எண்ணினார். ஆடு மேய்ப்போர் ஒதுங்கும் குகை ஒன்றில் மகனை உட்காரவைத்துப் பிரெஞ்சு மொழி கற்பித்தார். 1860ஆம் ஆண்டு சூரிய கிரகணம் நிகழுமுன், அது எப்படி, எப்போது நிகழும் என்பதை அவனுக்கு விளக்கினார். சொன்ன நேரத்தில் பகல் இருண்டபோது, இயற்கையைக் கணித்துச் சொல்லும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பதைச் சிறுவன் கண்ணாரக் கண்டான்.

ஆனால் அவன் மனம் நாடியது ஓவியத்தை. கிடைத்த தாள், சுவர், கதவு எல்லாவற்றிலும் வரைந்தான். வீட்டில் வண்ணம் வாங்கித் தருவார் இல்லை. ஓவியம் சோம்பேறிகளின் தொழில் என்பது தந்தையின் முடிவு. எனினும் மகனுக்கு உண்மையிலேயே திறமை உண்டா என்பதை அறிய அவர் ஒரு வழி செய்தார். அயர்பே என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த காலத்தில், தேவாலயச் சுவரைப் பூசி வண்ணம் அடிக்க ஒருவர் வந்திருந்தார். சிறுவன் வரைந்த புனிதர் படம் ஒன்றை அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார் தந்தை. அந்தச் சுவர்ப்பூச்சுக்காரர் படத்தைப் பார்த்து, இவனுக்கு ஓவியம் வராது என்று தீர்ப்பளித்தார். அத்துடன் வழக்கு முடிந்தது. வீட்டில் தூரிகைக்குத் தடை விழுந்தது. அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பிழையான கலை விமரிசனம் வேறொன்று இருப்பது அரிது.

பள்ளி வாழ்க்கையும் இனிமையாக அமையவில்லை. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் முறை அவருக்கு ஒத்துவரவில்லை. அடியும் பட்டினியும் தண்டனைகளாகக் கிடைத்தன. பதினோரு வயதில், தாமே செய்த பீரங்கி ஒன்றை வெடித்து அண்டைவீட்டுக் கதவைச் சிதைத்ததற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார். மகனைத் திருத்த எண்ணிய தந்தை அவரை முதலில் முடிதிருத்துநரிடமும், பிறகு காலணி செய்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். காலணித் தொழிலில் கஹால் நல்ல கைத்திறன் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

எலும்புகளைக் கற்ற கோடை

இருவருக்கும் இடையிலான பூசல், யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் தணிந்தது. 1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தை மகனை இரவு நேரத்தில் ஊர் இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றார். பழைய புதைகுழிகளிலிருந்து வெளிப்பட்டுக் கிடந்த எலும்புகளைத் திரட்டிக்கொண்டு இருவரும் வீடு திரும்பினர். தானியக் களஞ்சியமே வகுப்பறையாயிற்று. ஒவ்வோர் எலும்பையும் கையில் எடுத்து, அதன் மேடு, பள்ளம், துளை ஆகியவற்றைத் தந்தை விளக்கினார். மகன் அவற்றை வரைந்தான். நூலில் வெறும் பெயர்களாக இருந்தவை, பென்சில் முனையில் வடிவங்களாயின. பாடம் மனத்தில் பதிந்தது. தடை செய்யப்பட்ட கலையே உடற்கூற்றியலுக்கு வாயில் ஆனதைத் தந்தையும் உணர்ந்தார். பின்னாளில் சரகோசா நகரில் மகன் வரைந்த உடற்கூற்றுப் படங்களை ஒரு தொகுப்பு நூலாக அச்சிடவும் அவர் விரும்பினார். அந்நகர் அச்சகங்களுக்கு அவ்வண்ணப் படங்களைப் பெயர்த்து அச்சிடும் திறன் இல்லாமையால் அது கைகூடவில்லை.

1873இல் கஹால் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். உடனே படையில் சேர்க்கப்பட்டு, அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாத் தீவுக்கு மருத்துவ அதிகாரியாக அனுப்பப்பட்டார். போரைவிடக் கொசு அங்கே கொடியதாக இருந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரை உருக்குலைத்தன. 1875இல் எலும்பும் தோலுமாகத் தாயகம் திரும்பினார்.

1877இல் முனைவர் பட்டத் தேர்வுக்காக மாட்ரிட் சென்றபோது, அங்கிருந்த ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் வழியே திசுக்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும், படைப்பணியில் சேமித்த பணத்தைக் கொண்டு தவணை முறையில் ஒரு நுண்ணோக்கி வாங்கினார். வீட்டு மாடியிலேயே ஆய்வகம் அமைந்தது. வழிகாட்ட ஆசிரியர் எவரும் அங்கு இல்லை. அடுத்த ஆண்டு நுரையீரலிலிருந்து இரத்தம் கொட்டியது, காசநோய். அதிலிருந்து மீண்டு, 1879இல் சில்வேரியா என்னும் அம்மையாரை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்த அக்குடும்பத்தின் வரவு செலவை, ஆய்வுக்கென எடுக்கப்படும் பங்கு போக, சில்வேரியாவே சமாளித்தார். அச்சமாளிப்பு இல்லாதிருந்தால் பின்வரும் பகுதிகளில் சொல்லப்படுபவை நடந்திரா.

1883இல் வலென்சியாவில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். 1885இல் காலரா பரவியபோது, அந்நோயைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு நன்றியாகச் சரகோசா மாநில நிருவாகம் செருமனியில் செய்யப்பட்ட உயர்தர சைஸ் நுண்ணோக்கி ஒன்றை வழங்கியது. பணமுடிப்பு அளித்திருந்தாலும் அவர் இவ்வளவு மகிழ்ந்திருக்கமாட்டார்.

அன்று அறிந்ததும் அறியாததும்

அக்காலத்தில் மூளையைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை இங்கு அறிதல் வேண்டும். ஏறத்தாழ 1400 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பின் பெரும்பிரிவுகள் தெரிந்திருந்தன. மேலே இரு அரைக்கோளங்களாக மடிப்புகளுடன் கவிந்திருப்பது பெருமூளை. எண்ணம், உணர்தல், விரும்பிச் செய்யும் அசைவு ஆகியவற்றின் இருப்பிடம். அதன் பின்புறம் கீழே அமைந்த சிறுமூளை உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் காக்கிறது. அடியில் உள்ள முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்துகிறது. அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குவது தண்டுவடம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன.

நரம்புகளில் மின்னியல்பு உண்டு என்பதைக் கால்வானி தவளைக் கால்களைக் கொண்டு காட்டியிருந்தார். அச்செய்தி செல்லும் விரைவை 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்தார். பேச்சுத்திறனுக்கும் பெருமூளையின் இடது முன்பகுதிக்கும் தொடர்பு உண்டென 1861இல் புரோக்கா கண்டறிந்தார்.

இத்தனை தெரிந்தும், உள்ளே பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. உடலின் பிற உறுப்புகள் யாவும் செல்களால் ஆனவை என்பது உறுதியாகியிருந்தது. மூளையில் மட்டும் எந்தச் செல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவராலும் சொல்ல இயலவில்லை. சாயம் ஏற்றினால் எல்லாம் சேர்ந்து சிக்கலாகத் தெரிந்தன. ஏற்றாவிட்டால் எதுவும் தெரியவில்லை. எனவே, செருமானியராகிய கெர்லாக் முதலியோர், நரம்பிழைகள் அனைத்தும் ஒன்றோடொன்று கலந்து எல்லையற்ற ஒரே வலையாக உள்ளன என்று முடிவு செய்தனர். இது வலைக்கோட்பாடு எனப்பட்டது. செல்கள் தனித்தனியாகவே இருக்கலாம் என ஹிஸ், ஃபோரல் ஆகிய இருவர் ஐயம் எழுப்பினர். ஆனால் கண்ணுக்குக் காட்டத்தக்க சான்று அவர்களிடம் இல்லை.

ஐயத்தைத் தீர்க்கும் கருவியோ முன்பே பிறந்திருந்தது. 1873இல் இத்தாலியில், மருத்துவமனை ஒன்றில் சமையலறையைச் சிற்றாய்வகமாக மாற்றிக்கொண்டு உழைத்த கமில்லோ கோல்கை என்னும் மருத்துவர் புதிய சாயமுறை ஒன்றைக் கண்டுபிடித்தார். உயிரியல் பாடத்தில் கோல்கை உறுப்புகள் என்று படிக்கிறோமே, அப்பெயர் இவருடையதே. மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்து, பின்னர்ச் சில்வர் நைட்ரேட் கரைசலில் இட்டார் அவர். நூற்றில் ஒரு சில செல்கள் மட்டும் கறுத்தன. ஏனையவை மஞ்சள் பின்னணியாக ஒதுங்கி நின்றன. கறுத்த செல் ஒவ்வொன்றும் வேரும் கிளையுமாக முழுமையாகத் தெரிந்தது. சிலவற்றை மட்டும் வெள்ளி ஏன் தேர்ந்தெடுக்கிறது என்பது இன்றும் முற்றிலும் விளங்காத புதிராகும். ஆயினும் அம்முறை நம்பத்தகாதது என்று பலர் ஒதுக்கினர். ஒரு நாள் நன்றாக வரும். மறுநாள் ஒன்றும் வராது. கோல்கையே அதன்வழி கண்டவற்றை வலைக்கோட்பாட்டுக்குச் சான்றாகத்தான் எடுத்துக்கொண்டார்.

1888

1887இல் மாட்ரிட் சென்றிருந்த கஹாலுக்கு, பாரிசிலிருந்து திரும்பியிருந்த மருத்துவர் லூயிஸ் சிமாரோ, தம் இல்லத்தில் அந்தக் கறுப்புச் செல்களைக் காட்டினார். மஞ்சள் தாளில் மையால் வரைந்த கோட்டோவியம் போன்று அவை தெளிவாக இருந்தன. ஓவியக் கண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதே ஆண்டு கஹால் பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில் திசுவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று, தம் முழு நேரத்தையும் அம்முறைக்கே கொடுத்தார். பேராவலுடன் ஆடிவந்த சதுரங்கத்தைக்கூட விட்டொழித்தார்.

அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. துண்டுகளை ஒருமுறைக்கு இருமுறை கரைசல்களில் ஊறவைத்து, சற்றுத் தடித்த சீவல்களாக அறுத்தார். நீண்ட இழைகள் நடுவே துண்டாகாமல் கிடைத்தன. மற்றொரு மாற்றமே நுட்பமானது. வளர்ந்த விலங்கின் ஆக்சான்களை மயலின் என்னும் கொழுப்புறை மூடியிருக்கிறது. வெள்ளி அவ்வுறைக்குள் எளிதில் புகுவதில்லை. ஆகவே, உறை உருவாகாத குஞ்சுகளின் மூளையையும் கருவின் மூளையையும் எடுத்துக்கொண்டார். செல்கள் அளவில் சிறியனவாகவும், கிளைகள் குறைந்தனவாகவும், முழுவதும் கறுத்தும் கிடைத்தன. முதிர்ந்த மூளையின் சிக்கலை அவிழ்க்க முயன்று பிறர் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், சிக்கல் தோன்றுமுன் உள்ள நிலையைத் தேடிப் போனதே அவரது வெற்றி.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது பறவைகளின் சிறுமூளை. அங்கே பர்கின்ஜி செல்கள் எனப்படும் பெரிய செல்கள் விசிறிபோல் கிளை விரித்து வரிசையாக நிற்கின்றன. அருகிலுள்ள சிறு செல்களின் ஆக்சான்கள் வந்து, அப்பெரிய செல்லின் உடலைக் கூடை பின்னியதுபோல் சூழ்கின்றன. கஹால் அந்தக் கூடையின் ஒவ்வோர் இழையையும் நுனிவரை தொடர்ந்து சென்றார். இழை செல்லைத் தழுவியது, நெருங்கி நின்றது, ஆனால் உள்ளே கலக்கவில்லை. முனை தனித்தே முடிந்தது. மற்றோர் இழையும் அவ்வாறே. நூறாவது இழையும் அவ்வாறே. வலை என்பது எங்கும் இல்லை. பர்கின்ஜி செல்லின் கிளைகளில் நுண்ணிய முட்கள் அடர்ந்திருப்பதையும் அவ்வாண்டிலேயே கண்டார். அவை வெள்ளி படிந்த கறைகளே என்று பிறர் தள்ளினர். 1896இல் மெத்திலீன் நீலம் என்னும் வேறு சாயத்தைக் கொண்டு அவை உண்மையான உறுப்புகளே என்று நிறுவினார்.

கண்டதை உலகுக்குச் சொல்ல வேண்டுமே! ஸ்பெயினில் அதற்கு உரிய இதழ் இல்லை. எனவே, 1888 மே மாதம் தாமே ஓர் இதழைத் தொடங்கினார். கட்டுரைகளை எழுதியவர் அவர். படங்களை வரைந்தவர் அவர். அச்சுக்கூலி கொடுத்தவரும் அவரே. அடித்தவை 60 படிகள். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். மறுமொழி வரவில்லை. அன்றைய அறிவியல் உலகம் செருமானியமும் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்தது. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட திசுவியல் கட்டுரையைப் படிக்க எவருக்கும் தோன்றவில்லை.

பெர்லின் பயணம்

இனி எழுதிப் பயனில்லை, காட்டவே வேண்டும் என்று கஹால் துணிந்தார். 1889 அக்டோபரில் செருமானிய உடற்கூற்றியல் கழகத்தின் மாநாடு பெர்லினில் கூடியது. சேமிப்பை வழிச்செலவாக்கிக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகளைப் பெட்டியில் அடுக்கி, தம் நுண்ணோக்கியுடன் அங்குச் சென்றார். செருமானியம் பேசவராது, பிரெஞ்சும் தட்டுத்தடுமாறியே வந்தது. சன்னலோர மேசையில் நுண்ணோக்கிகளை வைத்து, சிறந்த சில்லுகளைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த அறிவியலாளர் என்பதே பலருக்கு வியப்பாகவும் ஐயமாகவும் இருந்தது.

அம்மாநாட்டில் மூத்தவர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். வயது 72. திசுவியலின் தலைமகனாகப் போற்றப்பட்ட அவர் அதுவரை வலைக்கோட்பாட்டின் பக்கம் சாய்ந்திருந்தவர். அவர் வந்து குனிந்து பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகச் சில்லுகள் மாறின. நிமிர்ந்தபோது அவர் கருத்தும் மாறியிருந்தது. இந்த இளைஞரைத் தம் வண்டியிலேயே விடுதிக்கு அழைத்துச்சென்று விருந்தளித்து, பிற அறிஞர்களுக்கும் அறிமுகம் செய்துவைத்தார். தம் ஆய்வகத்தில் அச்சோதனைகளைத் தாமே செய்து பார்த்து, கஹால் சொல்வது சரியே என்று எழுதினார். அத்துடன் நில்லாமல், கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே அம்முதிய வயதில் ஸ்பானிய மொழியையும் கற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கொண்டிருந்த கொள்கையை ஒரு கண்ணாடிச் சில்லின் முன் கைவிட்ட அவரது பெருந்தன்மையை, கஹாலின் உழைப்புக்கு ஒரு படியும் குறைத்து மதிப்பிடலாகாது.

திரும்பும் வழியில் கோல்கையைக் காணவேண்டிக் கஹால் இத்தாலியின் பாவியா நகரில் இறங்கினார். கோல்கை அப்போது ஊரில் இல்லை.

செய்தி செல்லும் திசை

1891இல் செருமானிய அறிஞர் வால்டேயர், கஹாலும் பிறரும் கண்டவற்றைத் தொகுத்து எழுதியபோது, நரம்பு செல்லுக்கு நியூரான் என்று பெயரிட்டார். பெயர் அவருடையதாகப் பரவியது. சான்றுகளுள் பெரும்பகுதி பார்சிலோனாவில் திரட்டப்பட்டது.

அதே ஆண்டு கஹால் அடுத்த படியைக் கடந்தார். செல்கள் தனித்தனி என்றால் செய்தி எந்த வழியில் செல்கிறது? விழித்திரையில் அவர் விடையைத் தேடினார். அங்குள்ள செல்களின் டென்ட்ரைட்டுகள் ஒளியுணர் செல்கள் இருக்கும் பக்கம் நோக்கியும், ஆக்சான்கள் மூளை இருக்கும் பக்கம் நோக்கியும் அமைந்திருந்தன. மணம் அறியும் பகுதியிலும் அதே ஒழுங்கு காணப்பட்டது. ஆகவே டென்ட்ரைட்டுகள் செய்தியை வாங்குகின்றன, செல் உடலம் வழியாக அது செல்கிறது, ஆக்சான் அதை அடுத்த செல்லுக்குக் கொடுக்கிறது என்று முடிவு செய்தார். அதன்பின் அவர் வரைந்த படங்களில் சிறு அம்புக்குறிகள் தோன்றலாயின. அசையாத, இறந்த திசுவைப் பார்த்து, உயிருள்ளபோது அதில் ஓடிய செய்தியின் திசையைச் சொன்னார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. மின்னளவைக் கருவிகள் அதைப் பின்னரே உறுதி செய்தன. கருவில் வளரும் ஆக்சானின் நுனியில் சிறு கூம்பு ஒன்று இருப்பதையும், அதுவே இழையை வழிநடத்திச் செல்வதையும் 1890இலேயே அவர் விளக்கியிருந்தார்.

நிழற்படக் கலையில் தேர்ந்தவர் கஹால். வண்ண நிழற்படம் பற்றித் தனி நூலே எழுதியவர். எனினும் மூளையைப் பதிவு செய்யப் பென்சிலையும் மையையுமே நம்பினார். தடித்த சீவலின் ஒரு தளம் மட்டுமே நிழற்படத்தில் தெளியும். கை வரைந்தால் எல்லாத் தளங்களையும் ஒருங்கே காட்டலாம். பல சில்லுகளில் கண்ட செல்களை ஒரே படத்தில் இணைத்தும் வரைந்தார். அவ்வாறு வரைந்தவற்றுள் ஏறத்தாழ 2900 படங்கள் இன்றும் மாட்ரிட்டில் பாதுகாக்கப்படுகின்றன.

1892இல் மாட்ரிட் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1894இல் இலண்டன் அரசவைக் கழகம் சொற்பொழிவாற்ற அழைத்தது. அங்கே ஷெரிங்டன் என்னும் உடலியங்கியல் அறிஞரின் இல்லத்தில் தங்கிய கஹால், தமக்கு அளிக்கப்பட்ட படுக்கையறையையே சில நாளில் ஆய்வகமாக்கிக்கொண்டார். அந்தச் சொற்பொழிவில், கற்றலும் பயிற்சியும் நரம்பு செல்களின் கிளைகளையும் இணைப்புகளையும் பெருகச் செய்யக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். வலைக்கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை. எல்லாம் முன்பே இணைந்துவிட்ட வலையில் புதிதாக இணைய என்ன இருக்கிறது? மூன்றாண்டுகளுக்குப் பின், ஒரு நியூரான் மற்றொன்றைச் சந்திக்கும் இடத்திற்குச் சினாப்ஸ் என்று பெயர் சூட்டியவர், கஹாலுக்கு விருந்தோம்பிய அதே ஷெரிங்டன்தான்.

ஒரே மேடையில் இருவர்

1906ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோல்கைக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கருவியைத் தந்தவர் ஒருவர். அதனால் உண்மையைக் கண்டவர் மற்றவர். ஸ்டாக்ஹோமில் இருவரும் முதன்முறையாக நேரில் சந்தித்தனர். டிசம்பர் 11ஆம் நாள் கோல்கை பரிசுரை ஆற்றினார். தம் சாயமுறையைப் பற்றிப் பேசுவார் என அவையோர் எதிர்பார்த்திருக்க, நியூரான் கோட்பாடு தவறானது என்பதையே அவர் தம் உரைப்பொருளாக எடுத்துக்கொண்டார். மறுநாள் கஹால் அதே அவையில் எழுந்து, நியூரான்கள் தனித்தனியே உள்ளன என்பதற்கான சான்றுகளை அடுக்கினார். கோல்கையின் முறைக்குத் தாம் பட்ட கடனையும் மறக்காமல் சுட்டினார். ஒரே கண்டுபிடிப்புக்குப் பரிசு பெற்ற இருவர், அது என்ன காட்டுகிறது என்பதில் நேரெதிராக நின்ற காட்சி அது. கோல்கை 1926இல் மறையும்வரை தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

அமைச்சர் பதவியும் தேடிவந்தது, கஹால் ஏற்கவில்லை. முன்பு, தமக்கென அரசு அமைத்த ஆய்வகத்தின் இயக்குநர் ஊதியம் மிகுதி என்று கருதி, அதைக் குறைக்கச் சொன்னவர் அவர். இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கும் தேசியக் குழுவுக்கு 1907 முதல் தலைமை தாங்கினார்.

அவர் எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னவர் அல்லர். அறுபட்ட நரம்புகள் மீண்டும் வளர்வதைப் பற்றி 1913, 1914 ஆண்டுகளில் பெருநூல் வெளியிட்டார். கைகால் நரம்புகள் மீண்டும் வளர வல்லவை. முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் அம்முயற்சி தொடங்கி விரைவில் அடங்கிவிடுகிறது என்று அதில் காட்டினார். தண்டுவடக் காயத்தை ஆற்ற முயல்வோர் இன்றும் அந்நூலுக்குத் திரும்புகின்றனர். ஆனால் முதிர்ந்த மூளையில் புதிய நியூரான் தோன்றாது என்ற அவரது முடிவுக்கு விலங்குகளிடம் விலக்குகள் பின்னர்க் காணப்பட்டன. அவர் மாணவராகிய ரியோ ஓர்டேகா, நியூரான் அல்லாத மூளைச் செல்களில் புதிய வகைகளைக் கண்டு சொன்னபோது, கஹால் அதை முழுமையாக ஏற்கத் தயங்கினார். மனவேறுபாடு முற்றி, 1920இல் அம்மாணவர் ஆய்வகத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. மாணவர் கண்டதே சரி என்று காலம் காட்டியது. பெர்லினில் கோலிக்கர் செய்ததைத் தம் மாணவர் முன் செய்யக் கஹாலால் உடனே இயலவில்லை.

1930இல் சில்வேரியா மறைந்தார். செவித்திறன் குன்றி, வெளியே செல்வதையும் குறைத்துக்கொண்ட நிலையிலும் கஹால் எழுதுவதை நிறுத்தவில்லை. வலைக்கோட்பாடு புதுவடிவில் மீண்டும் தலைதூக்கியபோது, 1933இல் தம் சான்றுகள் அனைத்தையும் மீண்டும் திரட்டி மறுப்பு வெளியிட்டார். 1934 அக்டோபர் 17ஆம் நாள், 82ஆம் வயதில், மாட்ரிட்டில் காலமானார்.

ஒரு நியூரானுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவர் தம் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒளி நுண்ணோக்கியால் பார்க்க இயலாத அளவு அது குறுகியது. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அது முதன்முறையாகத் தெரிந்தது. பெரும்பாலான சினாப்ஸ்களில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதே பத்தாண்டில், சில இடங்களில் இரு நரம்பு செல்கள் நேரடியாக மின்தொடர்பு கொள்வதும் தெரியவந்தது. அதைக் கண்டிருந்தால் கோல்கை புன்னகைத்திருப்பார். மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8600 கோடி நியூரான்களும் அவ்விடைவெளிகளைக் கடந்துதான் பெரும்பாலும் பேசிக்கொள்கின்றன. பாடநூல்களில் நியூரான் படத்தின் ஓரத்தில் செய்தி செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி, 1891இல் கஹாலின் பேனா வரைந்த அதே திசையில்தான் இன்றும் நிற்கிறது.